சீன மூலிகையும் செல்லும்: ‘ஆன்டிஆக்சிடன்ட்’ என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது?

டான்ஷென் வேரிலிருந்து எடுத்த பொருள் இதயச் செல்களைக் காப்பாற்றியது. ஹுவாங்சின் வேர்ச்சாறு நரம்புச் செல்கள் சாவதைத் தடுத்தது. கோஜி பழம் முதுமையைத் தள்ளிப்போடுகிறது. பாரம்பரியச் சீன மருத்துவம் பற்றி இப்படிப்பட்ட செய்திகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான் சொல்லப்படுகிறது: ‘ஆன்டிஆக்சிடன்ட் ஆற்றல்’, அதாவது ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தடுக்கும் திறன்.

இந்தச் செய்திகளில் பல பொய்யல்ல. ஆய்வகத்தில் செல்கள் உண்மையிலேயே பிழைத்திருக்கின்றன. ஆனால் அவை ஏன் பிழைத்தன என்பதற்குச் சொல்லப்படும் விளக்கம் பல நேரங்களில் தவறு. ஆய்வகக் கிண்ணத்தில் பிழைத்த செல்லை வைத்து மனித உடலைப் பற்றி முடிவுகட்டுவது அதைவிடப் பெரிய தவறு. அடிப்படையிலிருந்து பார்த்தால்தான் இரண்டும் விளங்கும்.

ஆக்சிஜன் செல்லுக்குள் என்ன செய்கிறது?

நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனில் பெரும்பகுதி, செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் செலவாகிறது. உணவிலிருந்து பிரிந்து வரும் எலக்ட்ரான்கள் ஒரு புரதத்திலிருந்து அடுத்த புரதத்துக்குக் கைமாறி, கடைசியில் ஆக்சிஜனிடம் போய்ச் சேர்கின்றன. அங்கே தண்ணீர் உண்டாகிறது. வழியில் சில எலக்ட்ரான்கள் நழுவி, நேரத்துக்கு முன்பே ஆக்சிஜனோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது பிறப்பதுதான் சூப்பர் ஆக்சைடு. ஜோடி இல்லாத ஓர் எலக்ட்ரானைச் சுமந்து திரியும் இத்தகைய மூலக்கூறுக்கு ‘ஃப்ரீ ரேடிக்கல்’ என்று பெயர்.

சூப்பர் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறும். இது ரேடிக்கல் அல்ல. ஆனால் அருகில் கட்டுப்பாடில்லாத இரும்பு அயனி இருந்தால், ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற மிகக் கொடிய ஒன்றைப் பெற்றெடுக்கும். கொழுப்புச் சவ்வு, புரதம், டிஎன்ஏ என்று எதன் பக்கத்தில் பிறக்கிறதோ அதைப் பிறந்த கணத்திலேயே தாக்கிவிடும். இவற்றின் உற்பத்தி, செல்லின் சமாளிக்கும் திறனைத் தாண்டும் நிலையை ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ என்கிறார்கள்.

1956இல் அமெரிக்க ஆய்வாளர் டென்ஹாம் ஹார்மன், முதுமைக்கே இந்த ரேடிக்கல்கள்தான் காரணம் என்ற கருத்தை முன்வைத்தார். பின்னாளில் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகள் கடைகளை நிறைத்ததற்கு விதை அங்கேதான் விழுந்தது. ஆனால் உடல் இவற்றைத் தெரிந்தே தயாரிக்கவும் செய்கிறது. பாக்டீரியாவை விழுங்கிய வெள்ளையணு, அதைக் கொல்லச் சூப்பர் ஆக்சைடைத்தான் பாய்ச்சும். அதைத் தயாரிக்கும் நொதி பிறவியிலேயே பழுதான குழந்தைகளுக்குத் தொற்றுக்கு மேல் தொற்று வரும். குறைந்த அளவு ஹைட்ரஜன் பெராக்சைடு செல்லுக்குள் செய்தி சொல்லும் வேலையும் பார்க்கிறது. ஆகவே ரேடிக்கல் என்றால் நஞ்சு, அதைத் துடைப்பது எல்லாம் மருந்து என்ற கணக்கு தொடக்கத்திலேயே பிசகிவிடுகிறது.

செல்லிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

1969இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியை அடையாளம் கண்டார்கள். அதன் ஒரே வேலை சூப்பர் ஆக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுவது. அந்தப் பெராக்சைடைத் தண்ணீராக்கும் வேலையை கேட்டலேஸ், குளூட்டாதியோன் பெராக்சிடேஸ் போன்ற நொதிகள் எடுத்துக்கொள்கின்றன.

இந்தக் கடைசி நொதிக்குச் செலினியம் வேண்டும். சீனாவின் வடகிழக்கில் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில் கேஷான் என்றொரு வட்டம் இருக்கிறது. மண்ணிலேயே செலினியம் குறைவு. அங்கே குழந்தைகளையும் இளம்பெண்களையும் ஒரு கொடிய இதயத் தசைநோய் தாக்கியது. 1935இல் பதிவான அந்த நோய்க்கு அந்த ஊர்ப் பெயரே நிலைத்தது. பின்னர் செலினியம் கொடுக்கத் தொடங்கியதும் பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. செல்லின் பாதுகாப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. பற்றாக்குறை உள்ளவருக்குக் கொடுத்ததால் அது பலித்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது உதவும்.

இந்த நொதிகளோடு குளூட்டாதியோன் என்ற சிறு மூலக்கூறும் செல்லுக்குள் நிறைந்திருக்கிறது. அதன் செறிவு 1 முதல் 10 மில்லிமோலார் வரை. மோலார் என்பது கரைசலில் ஒரு பொருள் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதன் அளவு. மில்லிமோலாரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரோமோலார். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு நானோமோலார். இந்த மூன்று சொற்களும் கைவசம் இருந்தால், வரும் செய்திகளில் பாதியை நாமே எடைபோட்டுவிடலாம்.

ஆய்வகத்தில் நடப்பது என்ன?

‘மூலிகை செல்லைக் காத்தது’ என்ற செய்திக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படியொரு சோதனை இருக்கும்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் 96 சிறு குழிகள். ஒவ்வொரு குழியிலும் சில ஆயிரம் செல்கள், இளஞ்சிவப்பு நிற ஊட்டத் திரவத்தில் மூழ்கிக் கிடக்கும். அவை பெரும்பாலும் காலங்காலமாக ஆய்வகங்களில் பெருக்கப்பட்டு வரும் செல் வகைகள்: எலிக் கருவின் இதயத்திலிருந்து வந்த எச்9சி2, எலியின் அட்ரினல் கட்டியிலிருந்து வந்த பிசி12, மனித ஈரல் புற்றிலிருந்து வந்த ஹெப்ஜி2. தட்டு 37 டிகிரி வெப்பப் பெட்டியில் இருக்கும். முதல் நாள் மூலிகைச் சாற்றைச் சில குழிகளில் சேர்ப்பார்கள். மறுநாள் எல்லாக் குழிகளிலும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுவார்கள். சில மணி நேரம் கழித்து எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தைச் சேர்ப்பார்கள். உயிருள்ள செல் அதை ஊதா நிறமாக மாற்றும். மூலிகை சேர்த்த குழிகள் அடர் ஊதாவாகவும், சேர்க்காதவை வெளிறியும் இருந்தால் முடிவு தயார்: ‘மூலிகை காத்தது’.

சோதனை நேர்மையானதுதான். ஆனால் அதில் வழுக்குப் பாறைகள் பல உண்டு.

1. சாயமே ஏமாற்றலாம். எம்டிடியை ஊதாவாக்க உயிருள்ள செல் கட்டாயமில்லை. எலக்ட்ரான் கொடுக்கவல்ல தாவரப் பொருள்கள் பல, செல்லே இல்லாத குழியிலும் அதை ஊதாவாக்கிவிடும். எதை ஆன்டிஆக்சிடன்ட் என்று கொண்டாடுகிறோமோ அதே பண்புதான் அளவுகோலையும் கெடுக்கிறது. செல் இல்லாத குழியையும் ஒப்பிட்டுக் காட்டாத ஆய்வை நம்பத் தயங்க வேண்டும்.

2. ஊட்டத் திரவமே வினைபுரியலாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேரி ஹாலிவெல்லின் குழு 2000இல் இதைக் காட்டியது. பச்சைத் தேயிலையின் கேட்டெச்சின் வகைப் பொருள்களை வழக்கமான ஊட்டத் திரவத்தில் கலந்தபோது, அவை தாமாகவே ஆக்சிஜனேற்றம் அடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கின. அப்படியானால் செல்லில் தெரிந்த விளைவு தேயிலையுடையதா, திரவத்தில் உருவான பெராக்சைடுடையதா? பிரித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது.

3. ஆக்சிஜனே அதிகம். வெப்பப் பெட்டிக்குள் கிட்டத்தட்ட வெளிக்காற்றின் அளவுக்கு, 18 முதல் 20 சதவீதம் ஆக்சிஜன் இருக்கும். நம் திசுக்களில் பெரும்பாலானவற்றில் 10 சதவீதத்துக்கும் குறைவுதான். கிண்ணத்துச் செல் தொடக்கத்திலிருந்தே அழுத்தத்தில் வாழ்கிறது.

4. சாறு எது? டான்ஷென்னை எடுத்துக்கொள்வோம். செங்கல் நிற வேர். பெயரில் ஜின்செங் சாயல் இருந்தாலும் இது துளசியும் கற்பூரவள்ளியும் சேர்ந்த குடும்பத்துச் செடி. இதில் இரண்டு வகைப் பொருள்கள் உண்டு. சால்வியானோலிக் அமிலங்கள் தண்ணீரில் கரையும். டான்ஷினோன்கள் கொழுப்பில் கரையும், தண்ணீரில் மிகக் குறைவாகவே இறங்கும். சீன வைத்தியர் காலங்காலமாகக் கொடுப்பது வேரைத் தண்ணீரில் கொதிக்கவைத்த கஷாயம். ஆய்வகத்தில் கிண்ணத்தில் விடுவதோ பல நேரங்களில் ஆல்கஹாலில் இறக்கிய சாறு, அல்லது தூய டான்ஷினோன். பெயர் ஒன்று, பொருள் வேறு.

செல்லே இல்லாத இன்னொரு சோதனையும் உண்டு. டிபிபிஎச் என்ற ஊதா நிறக் கரைசலில் மூலிகைச் சாற்றை விட்டால், ரேடிக்கல்கள் அணைந்து கரைசல் மஞ்சளாகும். மலிவானது, ஒரு மணி நேரத்தில் முடிவது. ‘இந்த மூலிகையில் வைட்டமின் சியைவிடப் பல மடங்கு ஆன்டிஆக்சிடன்ட் ஆற்றல்’ என்ற வகைச் செய்திகள் பெரும்பாலும் இத்தகைய குழாய்ச் சோதனைகளிலிருந்து வருபவை. உணவுப் பொருள்களை இப்படி மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்திய ஒரு பெரிய பட்டியலை அமெரிக்க வேளாண் துறை வெளியிட்டு வந்தது. குழாயில் கிடைக்கும் எண்ணுக்கும் உடலில் ஏற்படும் விளைவுக்கும் தொடர்பு காட்ட முடியவில்லை என்று 2012இல் அதே துறை அந்தப் பட்டியலைத் திரும்பப் பெற்றது. விளம்பரங்களிலிருந்து அந்த எண்கள் இன்னும் மறையவில்லை.

ரேடிக்கலைத் துடைப்பதல்ல, செல்லை உசுப்புவது

இந்தச் சந்தேகங்களையெல்லாம் கழித்த பிறகும், சில சீன மூலிகைப் பொருள்கள் செல்லைக் காப்பது உண்மை. அப்படியென்றால் எப்படிக் காக்கின்றன? துப்புரவாளர் குப்பையைக் கூட்டி அள்ளுவதுபோல, மூலிகை ரேடிக்கல்களைத் துடைத்தெடுக்கிறது என்பதுதான் பரவலான படம். அது பெரும்பாலும் நடக்க முடியாத காரியம். ஹைட்ராக்சில் ரேடிக்கல் தன் பக்கத்தில் இருப்பதைத்தான் தாக்கும். அதைத் தடுக்க வேண்டுமானால், பக்கத்தில் இருக்கும் மற்ற எல்லாவற்றையும் விட மூலிகைப் பொருள் அதிகமாக இருக்க வேண்டும். செல்லுக்குள் குளூட்டாதியோனே மில்லிமோலார் கணக்கில் இருக்கும்போது, மைக்ரோமோலாரிலும் அதற்குக் கீழேயும் வந்து சேரும் விருந்தாளிக்கு அந்த வேலையில் இடமில்லை.

உண்மையான வழி வேறு. அது நேர்மாறானது என்றே சொல்லலாம்.

செல்லுக்குள் என்ஆர்எஃப்2 என்ற புரதம் இருக்கிறது. பாதுகாப்பு நொதிகள் பலவற்றின் மரபணுக்களை இயக்கும் சாவி அதன் கையில். சாதாரண நாளில் கீப்1 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து வைத்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். என்ஆர்எஃப்2 பிறந்து ஏறத்தாழ இருபது நிமிடங்களில் பாதி காலியாகிவிடும். கீப்1 மீது சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தக முனைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. வினைத்திறன் மிக்க ஏதாவது ஒரு பொருள் வந்து அந்த முனைகளில் ஒட்டினால் கீப்1 உருமாறும், பிடி தளரும். என்ஆர்எஃப்2 தப்பித்து உட்கருவுக்குள் போய் மரபணுக்களைத் திறக்கும். குளூட்டாதியோன் உற்பத்தி கூடும், நச்சு நீக்கும் நொதிகள் பெருகும். இந்த ஏற்பாட்டைப் படிப்படியாக வெளிக்கொண்டு வந்ததில் ஜப்பானின் மசாயுகி யமமோட்டோவின் குழுவுக்குப் பெரும் பங்கு உண்டு.

இதன் பொருளைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மூலிகைப் பொருள் இங்கே செல்லுக்கு ஒரு சிறு தொல்லை. செல் அதை நஞ்சாகக் கருதி அரண் எழுப்புகிறது. பிறகு ஊற்றப்படும் பெராக்சைடை அந்த அரண் தாங்கிக்கொள்கிறது. முதல் நாளே மூலிகையைச் சேர்த்து மறுநாள் பெராக்சைடு ஊற்றுவது ஏன் என்பது இப்போது விளங்கும். அரண் எழுப்ப அவகாசம் வேண்டும். டான்ஷென்னின் டான்ஷினோன்கள், ஹுவாங்சின்னின் பைகலீன், மஞ்சளின் குர்குமின் ஆகியவை செல் சோதனைகளில் இந்தப் பாதையைத் தூண்டுவது காட்டப்பட்டிருக்கிறது. தொல்லை சிறிதாக இருக்கும்வரைதான் இது நன்மை. அளவு மீறினால் அதே பொருள் செல்லைக் கொல்லும். ‘இயற்கையானது, எவ்வளவு எடுத்தாலும் கெடுதல் இல்லை’ என்ற பேச்சு, மூலிகை வேலை செய்யும் விதத்துக்கே முரணானது.

அளவு: ஒரு மஞ்சள் கணக்கு

சீன மருத்துவத்தில் ஜியாங்ஹுவாங் என்று வழங்கும் மூலிகை வேறெதுவும் அல்ல. ஈரோட்டுச் சந்தைக்கு வரும் அதே மஞ்சள்தான். அதனால் நமக்குப் பழக்கமான இதை வைத்தே கணக்குப் போடலாம்.

கிண்ணத்துச் சோதனைகளில் குர்குமினை வழக்கமாக 10 மைக்ரோமோலார் அல்லது அதற்கு மேல் சேர்ப்பார்கள். 10 மைக்ரோமோலார் என்றால் 10,000 நானோமோலார். இங்கிலாந்தில் பெருங்குடல் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வில், நாளொன்றுக்கு 3.6 கிராம் குர்குமின் விழுங்கியவர்களின் இரத்தத்தில் காணப்பட்டது சுமார் 11 நானோமோலார். அதாவது கிண்ணத்து அளவில் ஏறத்தாழ தொள்ளாயிரத்தில் ஒரு பங்கு. மஞ்சள்தூளில் குர்குமின் தோராயமாக 3 சதவீதம் என்று கொண்டால், 3.6 கிராமுக்கு 120 கிராம் மஞ்சள்தூள் தேவை. குழம்புக்கு நாம் போடுவது அரைத் தேக்கரண்டி.

குளூட்டாதியோனோடு ஒப்பிட்டால் நிலைமை இன்னும் தெளிவு. செல்லுக்குள் அது குறைந்தபட்சம் 1 மில்லிமோலார், அதாவது 10 லட்சம் நானோமோலார். அதற்குப் பக்கத்தில் 11.

குர்குமின் ஏன் இரத்தத்தில் சேர்வதில்லை? குடலும் ஈரலும் அதை உடனே வேறு பொருளாக மாற்றி வெளியே தள்ளிவிடுகின்றன. 1998இல் பெங்களூரு ஆய்வாளர்கள் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது, உடலில் சேரும் அளவு பல மடங்கு கூடியது. பைப்பரின் என்பது மிளகின் காரப்பொருள். ‘மஞ்சளோடு மிளகு சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று இன்று பரவும் குறிப்புக்கு மூலம் அதுதான். ஆனால் மிளகுப்பொருள் அந்த வேலையைச் செய்வது உடலின் மருந்து நீக்கும் நொதிகளை அடக்கித்தான். அடர்த்தியான மாத்திரையாக எடுப்பவருக்கு, அவர் சாப்பிடும் வேறு மருந்துகளும் உடலில் தேங்கக்கூடும். ரசத்தில் போடும் மிளகுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

ஹுவாங்சின்னின் கதையும் இதே போக்கில் போகிறது. அதன் வேரில் இருக்கும் பைகலினில் சர்க்கரை அமிலம் ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதால் குடல் அதை எளிதில் உறிஞ்சாது. குடல் பாக்டீரியா அந்த ஒட்டை வெட்டி, சர்க்கரை அமிலம் இல்லாத பைகலீன் ஆக்கினால்தான் உள்ளே போகும். உள்ளே போனதும் குடற்சுவரும் ஈரலும் மறுபடியும் பைகலினாகவே ஒட்டிவிடும். இரத்தத்தில் சுற்றுவது பெரும்பாலும் இப்படி மாற்றப்பட்ட வடிவங்களே. ஆனால் கிண்ணத்தில் சோதிக்கப்படுவது பெரும்பாலும் தூய பைகலீன்.

லின்ஷியானும் பின்லாந்தும்

‘ஆன்டிஆக்சிடன்ட் எடுத்தால் மனிதருக்கு நன்மையா?’ என்ற கேள்வியை மூலிகையை விட்டு வைட்டமின்களில் ஏற்கெனவே பெரிய அளவில் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். கிடைத்த பதில்கள் ஒன்றுக்கொன்று எதிர்.

சீனாவின் ஹெனான் மாகாணத்தில் லின்ஷியான் வட்டம். உணவுக்குழாய்ப் புற்றும் இரைப்பைப் புற்றும் மிக அதிகம். மக்களிடம் சத்துக் குறைபாடும் அதிகம். அங்கே 29,584 பேரிடம் ஐந்தாண்டுகளுக்கு மேல் நடந்த சோதனை முடிவு 1993இல் வெளியானது. பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, செலினியம் மூன்றையும் சேர்த்து எடுத்தவர்களிடம் மொத்த இறப்பு 9 சதவீதமும், இரைப்பைப் புற்றால் இறப்பு 21 சதவீதமும் குறைந்திருந்தன.

அடுத்த ஆண்டே பின்லாந்திலிருந்து முடிவு வந்தது. 29,133 ஆண்கள், எல்லோரும் புகைபிடிப்பவர்கள். பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியிருந்தது. காக்கும் என்று கொடுத்தது கொல்லும் பக்கம் சாய்ந்தது.

வேறுபாடுகள் பல உண்டு, ஆனால் முதன்மையானது இதுதான்: லின்ஷியான் மக்களுக்குக் குறைவு இருந்தது, பின்லாந்துக்காரர்களுக்கு அது இல்லை. கேஷானில் பார்த்ததும் இதே. குறைவைத் தீர்ப்பது வேறு, நிறைந்ததன் மேல் ஊற்றுவது வேறு. 2014இல் சுவீடன் ஆய்வாளர்கள் எலிகளில், வைட்டமின் ஈயும் என்-அசிட்டைல் சிஸ்டீன் என்ற ஆன்டிஆக்சிடன்ட் மருந்தும் நுரையீரல் கட்டிகளை வேகமாக வளர்த்ததைக் காட்டினார்கள். புற்றுச்செல்லுக்கும் ஆக்சிஜனேற்ற அழுத்தம் உண்டு. அதைக் குறைத்தால் அதற்கும் வசதிதான். நுரையீரல் புற்றுகள் பலவற்றில் கீப்1 மரபணுவே பழுதாகி, என்ஆர்எஃப்2 நிரந்தரமாகத் திறந்து கிடப்பதும் இதனோடு பொருந்துகிறது.

சீன மூலிகைகளிலேயே உலகம் முழுதும் ஏற்றுக்கொண்ட மிகப்பெரிய வெற்றி எது? மலேரியா மருந்தான ஆர்டெமிசினின். நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் என்ற சீன மருத்துவர், கைப்பிடி சிங்ஹாவ் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்கும்படி எழுதிவைத்திருந்தார். கொதிக்கவைக்கச் சொல்லவில்லையே என்பதைக் கவனித்த சீன ஆய்வாளர் து யோயோ, குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு 1971இல் அந்தப் பொருளை இறக்கினார். 2015இல் நோபல் பரிசு பெற்றார். அந்த மூலக்கூறின் உயிர்நாடி, இரண்டு ஆக்சிஜன் அணுக்களை இணைக்கும் ஒரு பெராக்சைடு பாலம். மலேரியா ஒட்டுண்ணி இரத்தத்தைச் செரிக்கும்போது வெளிப்படும் ஹீம் என்ற பொருளின் இரும்பு பட்டதும் அது உடைந்து ரேடிக்கல்களைக் கக்கும். அவை ஒட்டுண்ணியைக் கொல்லும். சீன மூலிகை மரபின் தலைசிறந்த கொடை, ரேடிக்கலை அடக்கி அல்ல, உண்டாக்கித்தான் கோடிக்கணக்கானோருக்குப் பயன்பட்டிருக்கிறது. ஆகவே ஒரு மூலிகை ஆன்டிஆக்சிடன்ட்டா இல்லையா என்பது அதன் மதிப்பைச் சொல்லும் கேள்வியே அல்ல.

கிண்ணத்திலிருந்து நோயாளிக்கு

நியூஜென்ஸி என்ற பழம் சீனாவில் நெடுங்காலமாக மருந்து. அதில் உள்ள ஓலியனோலிக் அமிலம் அங்கே ஈரல் மருந்தாகப் பயன்பட்டிருக்கிறது. இந்த மூலக்கூறை வேதியியலாளர்கள் திருத்தி, என்ஆர்எஃப்2வை மிக வலுவாகத் தூண்டும் பார்டாக்சலோனை உருவாக்கினார்கள். சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதான 2,185 பேரிடம் சோதனை தொடங்கியது. மருந்து எடுத்தவர்களிடம் இதயச் செயலிழப்பு கூடியதால் 2012இல் நடுவிலேயே நிறுத்தப்பட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஓமாவெலாக்சலோன், ஃப்ரீட்ரிக் அட்டாக்ஸியா என்ற அரிய பரம்பரை நரம்பு நோய்க்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பாதை ஒன்றுதான். யாருக்கு, எந்த நோய்க்கு என்பது முடிவை மாற்றிவிட்டது.

சீன மருத்துவக் கூட்டு மருந்துகளும் இப்போது முறையான சோதனைக்கு வருகின்றன. இதை மனமார வரவேற்க வேண்டும். மாரடைப்பு நோயாளிகள் 3,777 பேரிடம், சீனாவின் 124 மருத்துவமனைகளில் டோங்ஷின்லுவோ என்ற கூட்டு மருந்து சோதிக்கப்பட்டது. முடிவு 2023இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு இதையும் எடுத்தவர்களில் 30 நாளுக்குள் இறப்பு, மறு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் பாதிப்பு கண்டவர்கள் 3.4 சதவீதம், ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 5.2 சதவீதம். அடுத்த ஆண்டு வெளியான இன்னொரு சோதனையில், மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்ட 1,648 பேரிடம் எஃப்ஒய்டிஎஃப்-919 என்ற மூலிகைக் கூட்டு சோதிக்கப்பட்டது. 90 நாள் கழித்துப் பார்த்தபோது போலி மருந்தைவிட எந்தப் பயனும் தெரியவில்லை. இரண்டிலும் கேட்கப்பட்ட கேள்வி ‘ரேடிக்கல் குறைந்ததா?’ என்பதல்ல. யார் இறந்தார், யார் எழுந்து நடந்தார் என்பதுதான். மருந்தை அளக்க அதுவே சரியான கோல்.

ஆகவே ஒரு செய்தி வந்தால் இவற்றைத் தேடிப் பார்க்கலாம்:

1. சோதனை குழாயிலா, கிண்ணத்துச் செல்லிலா, எலியிலா, மனிதரிலா?
2. சேர்த்த அளவு எவ்வளவு? வாய்வழி எடுத்தால் இரத்தத்தில் அந்த அளவு வருமா?
3. சோதித்தது கஷாயத்தையா, ஆல்கஹால் சாற்றையா, தூய பொருளையா?
4. மனிதரில் என்றால், ஒப்பீட்டுக்குப் போலி மருந்து இருந்ததா? அளந்தது இரத்தக் குறியீட்டையா, நோயின் போக்கையா?

ஆபத்து எங்கே இருக்கிறது?

செல்லைக் காக்கிறது என்ற செய்தியைப் படித்துவிட்டு மூலிகையை வாங்கி உண்பவருக்கு, பயன் கிடைக்காமல் போவது மட்டும் நஷ்டமல்ல.

மிகப் பெரிய பாடம் பெல்ஜியத்தில் நடந்தது. 1990களின் தொடக்கத்தில் பிரசெல்ஸில் ஓர் உடல் எடைக் குறைப்பு மையத்தில் கொடுத்த மாத்திரைகளில் சீன மூலிகைகளும் சேர்க்கப்பட்டன. ஹான் ஃபாங்ஜி என்ற வேர் இருக்க வேண்டிய இடத்தில், பெயர் ஒற்றுமையால் குவாங் ஃபாங்ஜி நுழைந்துவிட்டது. இரண்டும் வெவ்வேறு குடும்பச் செடிகள். பின்னதில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகம் பழுதானது, பெரும்பாலும் பெண்கள். சிறுநீரகங்களையும் சிறுநீர்க்குழாய்களையும் அகற்றிக்கொண்ட 39 பேரைப் பரிசோதித்ததில், 18 பேருக்கு அந்தப் பாதையில் புற்று இருந்தது 2000இல் வெளிவந்தது. அந்த அமிலம் டிஎன்ஏவோடு நேரடியாக ஒட்டிக்கொள்கிறது. ஆன்டிஆக்சிடன்ட் எதைக் கொடுத்தாலும் அந்த ஒட்டை நீக்க முடியாது.

இது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. நம் நாட்டு மருந்துக் கடைகளில் ஆடுதீண்டாப்பாளை என்றும் ஈஸ்வரமூலி என்றும் விற்கப்படும் செடிகள் இதே அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்தவை. இந்த இனத்தின் அமிலத்தை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்று உண்டாக்குவது உறுதியான முதல் வகையில் வைத்திருக்கிறது.

இன்னும் சில கூட்டுகள் எளிதில் தவறிவிடக்கூடியவை. டான்ஷென்னை, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையோடு எடுத்தவர்களுக்கு இரத்தம் உறையாமல் கசிந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. செயற்கை இதய வால்வு வைத்தவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. நரையைக் கருமையாக்கும் என்று விற்கப்படும் ஹே ஷோ வு என்ற சீன மூலிகை, ஈரலைப் பழுதாக்கிய நிகழ்வுகள் பல நாடுகளில் வந்திருக்கின்றன. பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரைகளில், நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் இஜிசிஜி என்ற கேட்டெச்சின் எடுத்தால் ஈரல் நொதிகள் உயரலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சொன்னது. கோப்பையில் குடிக்கும் தேநீருக்கு அந்த எச்சரிக்கை பொருந்தாது. எண்ணற்ற சீனக் கஷாயங்களில் சேரும் கன்ட்சாவ் நம் அதிமதுரத்தின் நெருங்கிய உறவு. வாரக்கணக்கில் அதிகமாக எடுத்தால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். ஏற்கெனவே நீர் பிரியும் மாத்திரை எடுப்பவருக்கு இது இதயத் துடிப்பையே குலைக்கலாம்.

புற்றுநோய்க்குக் கீமோ அல்லது கதிர்வீச்சு எடுத்துக்கொண்டிருப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். கதிர்வீச்சும் சில கீமோ மருந்துகளும் புற்றுச்செல்லைக் கொல்வது ரேடிக்கல்களை உண்டாக்கியே. அந்த நாள்களில் அடர்த்தியான ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையோ மூலிகைச் சாறோ எடுப்பதாக இருந்தால், அந்தப் பாட்டிலையே சிகிச்சை தரும் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பெயரை மட்டும் சொன்னால், பிரசெல்ஸில் நடந்ததுபோல ஒரு ஃபாங்ஜி இன்னொரு ஃபாங்ஜியாகிவிடும்.